முன்வாசல் இச்சி மரம்

அந்தத் தொப்பியை மட்டும் கிளையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள் மேடம். உங்கள் ஏட்டையா தெரியாமல்தான் மாட்டிவிட்டார். இந்த மரத்தைப் பார்த்தாலே எதையாவது மாட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றிவிடுகிறது. எதிர்வீட்டு பீட்டர் அண்ணன் ஒருமுறை பால் பையை மாட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். தொப்பியை நாற்காலியில் வைத்துக்கொள்ளட்டும்.

வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டீர்கள், நல்லது. கவரைப்பேட்டையில் பத்து மணிக்கு மேல் தோட்டத்தில் உட்கார முடியாது. நீங்கள் வந்தது எலும்புக்குக் கட்டுப் போடும் கலியன் மேல் கொடுத்த புகாரை விசாரிக்க. கை கோணிப்போன ஸ்டீபனின் அக்கா சுகிர்தா என்ற முறையில் என்னிடம் சாட்சி வாங்க. ஆனால் கேட்டைத் திறந்ததும் முதலில் மரத்தைப் பார்த்தீர்கள், இதை எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டீர்கள். இந்தத் தெருவில் இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதனால் மரத்திலிருந்தே சொல்கிறேன். ஏட்டையா பொறுமையாக எழுதட்டும், புகாருக்கும் அதுதான் வழி.

இது இச்சி மரம். நர்சரியில் ஃபைக்கஸ் என்பார்கள். தமிழில் சொன்னால் வாங்குகிறவர்களுக்கு மதிப்பாக இருக்காது. ஆந்திராவிலிருந்து லாரியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள், மூன்று கன்றைச் சேர்த்துப் பள்ளிக்கூடப் பெண் மாதிரி சடை பின்னி விட்டிருப்பார்கள். அதை வாங்கி வந்து கேட்டுக்கு இரண்டு பக்கமும் நிறுத்துகிறவர்கள்தான் இங்கே ரசனை உள்ளவர்கள். மற்றவர்கள் பழைய டயரை வெட்டி அன்னப்பறவை செய்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, அதன் முதுகில் குரோட்டன்ஸ் வைப்பார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அவரவர் தகுதிக்கு அவரவர் தோட்டம்.

ஜெபக்கூட்டத்துக்கு வந்த பாஸ்டரம்மா இந்த மரத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், இழுப்பு வந்தாப்ல கீதே" என்றார். ஜெபத்தில் அதற்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார் என்று நினைக்கிறேன். பீட்டர் அண்ணன் ஒரு கழியோடு வந்தார், பக்கத்தில் நட்டுக் கட்டினால் நேராகிவிடுமாம். நேராக இருப்பது பெரிய தகுதி என்று இவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் டிஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நேரான கம்பிகளைத்தான் பார்க்கிறேன். லாரியில் அடங்கவில்லை என்று அவற்றையும் நடுவில் மடக்கித்தான் ஏற்றுகிறார்கள், கட்டடம் கட்டுகிற இடத்தில் இறக்கியதும் சுத்தியலால் அடித்து மறுபடி நிமிர்த்துகிறார்கள். மடக்கியவனுக்கும் தெரியாது, நிமிர்த்தியவனுக்கும் தெரியாது, எதற்காக என்று. உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

இதோ, வாசலில் காலை வைத்ததும் கண் வேறெங்கும் போகாமல் இந்த மரத்தில் வந்து நிற்கிறது இல்லையா. அடிமரம் தெற்கே சாய்ந்து, பிறகு மனசு மாறினது மாதிரி திரும்பி, மேல் கிளை முழங்கை மடங்கினது போல வீட்டைப் பார்த்து வளைகிறது. பார்ப்பவர்கள் காற்று வளைத்தது என்று நினைக்க வேண்டும். கவரைப்பேட்டையில் என்ன காற்று அடிக்கிறது. நான் வளைத்தது.

ஒரே நாளில் எந்தக் கிளையும் வளையாது. முதலில் தண்ணீரைக் குறைத்து, மரத்தைக் கொஞ்சம் துவள விட வேண்டும். வளைக்கப் போகிற இடத்தில் ஈரத் துணி சுற்றி, அதன்மேல் கம்பி. ஒரு விரற்கடை வளைத்து நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். கம்பி பட்டையைக் கடிக்கத் தொடங்குமுன் அவிழ்த்து, இடம் மாற்றிச் சுற்றி, மறுபடி கொஞ்சம். சில சமயம் உள்ளே மெல்லியதாக ஒரு சத்தம் கேட்கும். கற்றுக்குட்டிகள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. விட்டுப்போன இடம் கூடும்போதுதான் வடிவம் நிலைக்கிறது. பால் வடியும், துடைத்துவிட்டால் போதும்.

கிளையை இழுத்துக் கட்டத் தரையில் பதித்த இரும்பு வளையங்கள் ஸ்டீபன் வெல்டிங் செய்து கொடுத்தவை. அவன் நல்ல வெல்டர் என்று கம்பெனியில் சொல்வார்கள். எனக்குத் தெரியாது. எங்கே வைக்கச் சொன்னேனோ அங்கே வைத்தான், அது போதும்.

அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா பாக்கியராஜ் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். வயல் ஆலையானதும் அதே இடத்தில் காக்கிச் சட்டை போட்டு கேட்டில் நின்றார், அதை முன்னேற்றம் என்று சாகும்வரை நம்பினார். அம்மா மேரி அவருக்கு முன்பே போய்விட்டாள். அப்போது ஸ்டீபன் சின்னப் பையன், நான் பி.காம். முடித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்கா தியாகம் செய்துவிட்டாள் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு எதையாவது சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

ஸ்டீபன் புத்திசாலி இல்லை. பாட்டும் சுமார், படிப்பும் சுமார். ஆனால் சொன்னால் கேட்பான். எந்தச் சட்டை, எந்தப் பக்கம் வகிடு, யாரோடு பேசலாம், எதற்குச் சிரிக்கலாம், எல்லாம் நான் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது காலர் பட்டனை நான்தான் போட்டுவிடுவேன், அவனுக்கு மீசை முளைத்த பிறகும். இந்த வட்டாரத்தில் இத்தனை பேர் பிள்ளை வளர்க்கிறார்கள். எல்லாம் தானாக முளைத்துத் தானாக நீளும் செடிகள். வளர்த்தது என்று சொல்லக்கூடியவன் இவன் ஒருவன்தான்.

பிறகு தமிழ்செல்வி வந்தாள். அத்திப்பட்டுப் பெண். அவள் அப்பா அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. இவள் ஸ்டீபன் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள், இரண்டு கம்பெனிக்கும் ஒரே பஸ். சாம்பல் பறக்கிற ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, எதைப் பார்த்தாலும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தபோது மழை. துப்பட்டா நனைந்திருந்தது. நான் டீ போட்டுக்கொண்டு வெளியே வருகிறேன், துப்பட்டா இந்தக் கிளையில் காய்கிறது.

"கொடி கட்டாமயே துணி காயப்போடலாம் போல கீதே, அக்கா. செம மரம்" என்றாள்.

ஸ்டீபன் சிரித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து. அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அது அவனுக்குப் பொருந்தவில்லை.

அவள் ஜாதி, மதம் எதுவும் எனக்குப் பொருட்டில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாதிரி அற்ப விஷயங்களுக்காகச் சண்டை போடுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. அவளால் என்ன நடக்கப் போகிறது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த சில மாதத்தில் ஸ்டீபனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் வேலை வந்தது. அவளுடைய அண்ணன் கூட்டாளி யாரோ சொல்லி, இவன் போய் வெல்டிங் டெஸ்ட் கொடுத்து, தேறியும்விட்டான். எல்லாம் முடிந்த பிறகு சாப்பிடும்போது சொன்னான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நான் போறேன்க்கா. கல்யாணத்த முடிச்சிட்டுப் போயி, அப்பால தமிழையும் கூப்புட்டுக்கினு போயிடுவேன். ஊட்ட நீயே வெச்சுக்கோ."

வீட்டை எனக்குக் கொடுக்கிறானாம். சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்று என்றான்.

விபத்தை நான் செய்யவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மற்றதை நான் மறைக்கப் போவதில்லை. சர்வீஸ் ரோட்டில் மணல் கொட்டியிருந்தது, பைக் வழுக்கியது. வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. பொன்னேரியில் ஒரு டாக்டர் பிளேட் வைக்க வேண்டும் என்றார். ஸ்டீபனுக்குச் சின்ன வயதிலிருந்தே கத்தி என்றால் பயம். எங்கள் சித்தப்பா மகன் சாம்சன், பெரிய வைத்தியன் மாதிரி, "ஆர்.கே.பேட்டை தாண்டி ஒருத்தரு கட்டு போடறாரு, யானைக் காலு ஒடிஞ்சாலும் சேத்துடுவாரு" என்றான். சாம்சன் யானையை எங்கே பார்த்தான் என்று நான் கேட்கவில்லை. அவனுடைய வேனிலேயே போனோம். அப்போது என் மனதில் எதுவும் இல்லை.

கலியன் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். வாய் நிறைய வெற்றிலை, மடியில் ரேடியோ. வரிசையில் இருந்த எல்லாரும் அவனுக்கு நைனாதான், பெண்களைத் தவிர. ஸ்டீபனின் கையைத் தடவிக்கொண்டே, "இன்னா நைனா, பைக்க நீ ஓட்டுனியா, பைக்கு உன்ன ஓட்டுச்சா" என்று கேட்டான். ஸ்டீபன் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது கையை இழுத்து எலும்பைச் சேர்த்துவிட்டான். அந்த ஒரே நகைச்சுவையை எங்களுக்கு முன்னால் இருந்தவனிடமும் சொன்னான், பின்னால் இருந்தவனிடமும் சொல்லியிருப்பான். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பச்சிலையும் குழைத்துத் தடவி, மூங்கில் பட்டை வைத்துத் துணி சுற்றிக் கட்டினான். நியாயமாகச் சொல்ல வேண்டும் மேடம். எலும்பை நேராகத்தான் வைத்தான். நேராக வைப்பதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

ஞாயிறுதோறும் வர வேண்டும், தானேதான் அவிழ்த்துக் கட்ட வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னான். சாம்சன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான். ஸ்டீபன் பாதி மயக்கத்தில் இருந்தான். கேட்டது நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து அவனைப் படுக்க வைத்துவிட்டுக் கட்டைப் பார்த்தேன். மூங்கில் பட்டை, துணி, முடிச்சு. தெரிந்த வேலை. அப்போதுதான் வழி தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் ஞாயிறு வந்தது. இவ்வளவு தூரம் வேனில் குலுங்கிப் போனால் சேர்ந்த எலும்பு விட்டுப்போகும், எப்படிக் கட்டுவது என்று வைத்தியரே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று ஸ்டீபனிடம் சொன்னேன். சரி என்றான். அன்று அவிழ்த்து எண்ணெய் தடவி, இருந்தபடியே கட்டினேன். கை பழக வேண்டும். அதற்கடுத்த ஞாயிறு ஒரு பட்டையை இடம் மாற்றி, உள்பக்கம் ஒரு துணியை மடித்து வைத்தேன். அப்புறம் வாரத்துக்கு ஒரு விரற்கடை. அவசரப்பட்டதே இல்லை.

அந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன தெரியுமா மேடம். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு முனையைத் தாண்டிப் போகும், இவன் வீட்டில் இருப்பான். மெடிக்கல் லீவு போட்டு நானும் இருந்தேன். சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் கொடுப்பேன். தலை வாரி விடுவேன். சாயங்காலம் இந்த மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். அவனுக்குப் பேச ஒன்றும் இருக்காது. எனக்கும் அவன் பேச வேண்டும் என்று இல்லை. மரமும் அவனும் எதிரெதிரே இருப்பார்கள், நான் தண்ணீர் ஊற்றுவேன்.

ஒரு ஞாயிறு கட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நீ கட்டறப்ப உசுரே போவுதுக்கா. அந்தாளு கட்டுனப்ப இப்டி இல்லியே."

"கூடுகிற எலும்பு வலிக்கத்தான் செய்யும்டா."

"ஒரு வாட்டி அவருகிட்டயே போலாமா? சாம்சன வேன் எட்தாரச் சொல்றேன்."

"அவர் ஊரில் இல்லை. திருவிழாவுக்குப் போயிருக்கிறாராம்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கையை விட்டுவிட்டான். அடுத்த வாரத்திலிருந்து அவனே ஒரு துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அப்படிப்பட்ட பிள்ளை.

தமிழ்செல்வி வாரம் ஒரு தடவை ஆட்டுக்கால் சூப் கொண்டு வருவாள். அவள் வைத்த சூப்பில் மிளகைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஒருநாள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை ஒரு சைடா வாங்குதேக்கா. எக்ஸ்ரே ஒண்ணு எட்த்துப் பாத்துடலாமா?"

வீக்கம் என்றேன்.

"வீக்கம் ஒரு பக்கமாவா வரும்?"

"நீ டாக்டருக்குப் படித்தாயா, பேக்கிங்குக்குப் படித்தாயா?"

"ரெண்டுத்துக்கும் இல்லக்கா. கண்ணு கீது, பாத்தேன். அதான் கேட்டேன்."

அவள் மேலே பேசியிருப்பாள். ஸ்டீபன்தான், "உடு தமிழு. அக்கா பாத்துக்கும்" என்றான். அவள் அவனைப் பார்த்தாள், அவன் சுவரைப் பார்த்தான். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. யார் பக்கம் நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியில் கட்டை எடுத்தோம். முன்கை நடுவிலிருந்து மெதுவாக உள்ளே திரும்பி, மணிக்கட்டில் கொஞ்சம் இறங்கி, உள்ளங்கை உடம்பைப் பார்த்து நின்றது. எங்கும் புடைப்பு இல்லை, ஒரே வீச்சில் வளைந்திருந்தது. தெருவில் விழுந்து எழுந்து கோணிப்போன கைகளை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் உங்கள் வேலையில் நிறையப் பார்த்திருப்பீர்கள். அவை அசிங்கமாக இருக்கும். இது அப்படி இல்லை. ஸ்டீபன் உள்ளங்கையை மேலே திருப்பிப் பார்த்தான், திரும்பவில்லை. இன்னொரு தடவை முயன்றான். பிறகு "சரிக்கா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வெல்டிங் டார்ச்சைப் பிடித்துத் திருப்ப மணிக்கட்டு சுழல வேண்டுமாம். சிங்கப்பூர்க்காரர்கள் மறுபடி ஒரு டெஸ்ட் வைத்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உள்ளூர்க் கம்பெனியில் அவனை ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். நட்டு எண்ணலாம், போல்ட் எண்ணலாம். வீட்டுக்குப் பத்து நிமிஷம். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல வேலை அவனுக்கு அமைந்திருக்காது.

சொந்தக்காரர்களுக்குக் கோபம் வந்தது. கோபப்பட ஆள் கிடைத்தால் அவர்களுக்குக் கல்யாண வீடு மாதிரி. யானைக் கால் கதை சொன்ன அதே சாம்சன் முன்னால் நின்றான். வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கலியனை அடித்து, கொட்டகைத் தகரத்தைப் பிடுங்கி, ரேடியோவை உடைத்துவிட்டு வந்தார்கள். வரும் வழியில் எல்லாரும் பிரியாணி சாப்பிட்டார்களாம். "ரெண்டாவது கட்டுக்கு நீங்க வரவே இல்லியே நைனா" என்று கலியன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தானாம், உதடு கிழிந்த பிறகும். அதைச் சாம்சன் அவனைப் போலவே பேசிக் காட்டினான், எல்லாரும் சிரித்தார்கள். கலியன் உண்மையைத்தான் சொன்னான். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்புகிற ஆளை என்ன சொல்வது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். அவனுக்காகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

நான் தவறாக எடைபோட்டது ஒரே ஓர் இடத்தில். கை இப்படியானதும் தமிழ்செல்வி போய்விடுவாள் என்று நினைத்தேன். அந்த மாதிரிப் பெண்கள் சிங்கப்பூரைத்தான் காதலிப்பார்கள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, அவளுக்கு வேறு யோசிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு காலையில் அவள் கேட்டுக்கு வெளியே ஆட்டோவோடு நிற்கிறாள். ஸ்டீபன் ஒரே ஒரு பையோடு வெளியே வருகிறான். வேப்பம்பட்டில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறார்களாம், ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணமாம். சட்டையில் ஒரு பட்டன் தப்பாகப் போட்டிருந்தான். ஒரு கையால் போட்டால் அப்படித்தான் ஆகும். சரி செய்யலாம் என்று கையை நீட்டினேன். அவன் தன் வளைந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். கூச்சம். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள் இல்லையா. "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஆகவே நீங்கள் அந்தப் புகாரை வாசித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குப் புரியும். கொடுத்தவள் தமிழ்செல்வி. என் பெயர் அதில் இல்லை. நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று தலையாட்டி, இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, கையெழுத்துப் போட்டிருந்தால் கலியன் உள்ளே போயிருப்பான், நான் இந்நேரம் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் நீங்கள் வாசித்தீர்கள், கவனக்குறைவாகக் கட்டியதால் எலும்பு கோணலாகக் கூடியது என்று. கலியனுடைய கவனக்குறைவு என்று.

அந்தக் கையைப் பார்த்தவர்கள் யாராவது அதைக் கவனக்குறைவு என்று சொல்வார்களா. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஒரே நகைச்சுவையை நாள் பூராவும் சொல்கிற ஓர் ஆளுக்கு அந்த வளைவு வருமா. அவன் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் கையை நேராக்கி அனுப்பியிருப்பான், ஒன்றாவது யாருக்காவது நினைவில் இருக்கிறதா. நான் வாழ்க்கையில் எதையும் கவனக்குறைவாகச் செய்ததில்லை மேடம். ஏட்டையா, எழுதுங்கள். ஸ்டீபன் கையை வளைத்தது கலியன் இல்லை. சுகிர்தா. வாரா வாரம் அவிழ்த்து, எந்தப் பக்கம் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து, அவன் போகக் கூடாது என்பதற்காக வளைத்துக் கட்டியவள் நான். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

அடுத்த வாரம் சென்னையில் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று சொன்னீர்கள். எலும்பை மறுபடி உடைத்து, நேராக்கி, பிளேட் வைப்பார்களாம். கத்தி என்றால் பயந்தவன் அதற்குச் சம்மதித்திருக்கிறானாம். செய்யட்டும். நேராக்கத் தெரிந்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்.

ஒன்று மட்டும் நீங்கள் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தமிழ்செல்வி கொடுத்த புகாரில் ஸ்டீபன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான் என்றீர்களே. வைத்தியர் மேல் தப்பில்லை என்றானாம். அப்படியானால் யார் மேல் என்று நீங்கள் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, யார் மேலும் இல்லை, கேஸே வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றானாம். அதைச் சொல்லும்போது அவன் அழுதான் என்றும் சொன்னீர்கள். வீட்டு நினைப்பு வந்திருக்கும்.

அவனுக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்கிறீர்கள். அதை எழுத வேண்டாம் மேடம், எழுதும்படி அதில் ஒன்றும் இல்லை. தெரிந்திருந்தால் என்னைக் கேட்டிருப்பான். வலித்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பான். சின்ன வயதிலிருந்து ஸ்டீபன் என்னிடம் எதையும் மறைத்ததே இல்லை.